ஃபைல் யார் கையில்

எங்கள் கல்யாணப் பத்திரிகையின் பிரதி ஒன்று அமெரிக்க அரசாங்கத்தின் கோப்பில் இருக்கிறது. நந்தன வருடம் ஆவணி மாதம் என்று தொடங்கி, இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டிகள் பெயர், தாய்மாமன்கள் வரிசை, கீழே சித்தப்பா பிள்ளைகள் வரை அச்சடித்த பத்திரிகை. கல்லூரியில் எனக்கு ஆங்கிலம் எடுத்த ஆசிரியை தன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து அதை மொழிபெயர்த்து, எல்லாம் சரி என்று அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். தமிழில் இருக்கிற காகிதம் எதுவானாலும், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் உறுதி சொல்லிக் கையெழுத்திட்ட ஆங்கிலப் பிரதி கூடவே போக வேண்டும். அது அவர்கள் விதி.

2012-இல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நியூ ஜெர்சியில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. படிக்கப் போய், அங்கேயே தங்கி, அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தவர். நான் கோவில்பட்டியில் பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கொண்டால் அடுத்த மாதமே விமானம் ஏறிவிடலாம் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். குடிமகனின் மனைவிக்கு ஆண்டுக்கு இத்தனை விசாதான் என்ற வரம்பு கிடையாது. அந்த மட்டும் உண்மை. ஆனால் அவர் ஐ-130 என்ற மனுவை, அன்றைய கட்டணம் 420 டாலரோடு அனுப்பி, அது ஏற்கப்பட்டு, நேஷனல் விசா சென்டருக்குப் போய், அங்கே காகிதமெல்லாம் சரிபார்த்து, கடைசியில் மும்பைத் துணைத் தூதரகத்துக்கு வந்துசேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இந்தப் பாதை நெடுக மனு போடுகிறவர் கணவர். மனைவி அந்த மனுவினால் பலன் பெறுகிறவள். அவர் போட்டால் உண்டு. திரும்பப் பெற்றுக்கொண்டால் இல்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவளுக்கு இது முதல் நாளே கண்ணில் பட்டுவிட்டது. ஒரு கம்பெனியின் கணக்கு யாருடையது என்று கேட்டால், ஃபைலை யார் வைத்திருக்கிறாரோ அவருடையது என்பார் எங்கள் ஆடிட்டர். நான் எனக்கென்று ஒரு ஃபைல் போட்டேன். கணவர் அனுப்புகிற ஒவ்வொரு படிவத்துக்கும் எனக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு வார்த்தை மறுக்காமல் அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்பது சில வருடம் கழித்து, வேறொரு பெண்ணின் கதையைக் கேட்டபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

முதல் வேலை திருமணப் பதிவு. மண்டபத்தில் கட்டின தாலிக்கு மண்டப ரசீதும் போட்டோவும் போதாது. தமிழ்நாட்டில் 2009-இல் வந்த சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். அவர் விடுப்பு முடிந்து அமெரிக்காவுக்குத் திரும்புவதற்குள் பதிந்துவிட்டோம். தாலி மஞ்சள் மாறாத கழுத்தோடு பத்திரம் பதிய வந்தவர்கள் மத்தியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. நிலம் விற்க வந்திருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "வில்லங்கம் இல்லாம பதிஞ்சுக்கோங்கப்பா" என்று மனசார வாழ்த்தினார்.

பெரிய சிக்கல் என் பிறப்புச் சான்றிதழ். நான் 1986-இல் விளாத்திகுளம் பக்கத்தில் பாட்டி ஊரில், வீட்டிலேயே பிறந்தவள். யாரும் போய்ப் பதிவு செய்யவில்லை. பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி உண்டு. பாஸ்போர்ட்டும் அதை வைத்தே வாங்கியாயிற்று. ஆனால் விசாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால், இப்படியொரு பதிவு இல்லை என்று அரசு அதிகாரி ஒருவர் தரும் சான்று வேண்டும். அதோடு, நான் பிறந்ததை நேரில் அறிந்தவர்களின் அஃபிடவிட். அப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்தார். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசை மேசையாகப் போய்ச் சான்று கைக்கு வந்தது.

அஃபிடவிட்டுக்கு என் அம்மாவின் பெரியம்மாவை அழைத்தோம். பிரசவம் பார்த்தவர் அவர்தான். கோவில்பட்டியில் நோட்டரி வக்கீலின் மாடி அறைக்குப் படி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். வக்கீல், "பாட்டி, இந்தப் பொண்ணு எப்ப பொறந்துச்சு?" என்றார். பாட்டி தேதி சொல்லவில்லை. "பருத்தி வெடிச்சுக் கெடந்த நேரம். விடியக்கருக்கல்ல பொறந்தா. கொடி சுத்தி வந்தா. நாந்தான் எடுத்துவிட்டேன்" என்றார். வக்கீல் பள்ளிச் சான்றிதழைப் பார்த்துத் தேதியைப் போட்டுக்கொண்டு, கொடி சுற்றிய கதையை விட்டுவிட்டு மற்றதை ஆங்கிலத்தில் எழுதினார். பாட்டி இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி, காகிதத்தில் வைத்து, எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தார். கையை எடுத்ததும், "இது அமெரிக்கா வரைக்கும் போகுமா?" என்று கேட்டார். போயிற்று. என் குடியுரிமைக்கு ஆதாரமான காகிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ரேகைதான்.

அதன் பிறகு, விசா இன்டர்வியூவில் என்ன சொல்வது என்று யோசனை சொல்கிறவர்கள் வந்தார்கள். அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் போனில் சொன்னார்: "பெரியவங்க பார்த்து முடிச்சதுன்னு சொல்லாதம்மா. வெள்ளைக்காரனுக்குப் புரியாது. ரெண்டு பேரும் கல்யாண வீட்டுல பார்த்துப் பழகினோம், லவ் மேரேஜ்னு சொல்லு." இன்னொருவர், நாங்கள் கை கோத்து நிற்கிற மாதிரி போட்டோக்கள் எடுத்து வைக்கச் சொன்னார். எங்கள் ஆல்பத்தில் நாங்கள் இருவரும் தொட்டுக்கொண்டு நிற்கிற படம் தேடினாலும் கிடைக்காது. எல்லாப் படத்திலும் எங்களுக்கு நடுவே ஒரு அத்தையோ குழந்தையோ இருக்கிறார்கள்.

நானும் அவரும் ஸ்கைப்பில் பேசி இதை முடிவு செய்தோம். நடந்ததை நடந்தபடி சொல்வது. ஜாதகம் பார்த்தது, பெண் பார்க்க வந்தது, செண்பகவல்லி அம்மன் கோயிலில் பெரியவர்கள் தள்ளி உட்கார்ந்திருக்க நாங்கள் பேசியது, எல்லாமே அப்படியே. இன்று இன்டர்வியூவுக்குத் தயாராகிற பெண்களுக்கும் நான் அதைத்தான் சொல்கிறேன். பெரியவர்கள் பேசி முடிக்கிற திருமணத்தை அந்த அதிகாரிகள் தினந்தோறும் பார்க்கிறார்கள். அவர்கள் பிடிப்பது பொய்யை. காகிதத்தில் ஒன்றும் வாயில் ஒன்றும் வந்தால் அதோடு முடிந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் ஒரு கேடும் இல்லை.

ஆனால் தயாராக வேண்டியிருந்தது. அவர் அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள், அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், வாடகை எவ்வளவு, முன்பு திருமணம் ஆனவரா, சம்பளம் என்ன. சம்பளம் கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரோ மூன்று வருட வரிக் கணக்கை அப்படியே அனுப்பிவிட்டார். மனைவியை அழைக்கிறவரின் வருமானம் அந்நாட்டு வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அவளை நான் காப்பாற்றுவேன் என்று ஐ-864 படிவத்தில் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். விவாகரத்து ஆனாலும் அந்த உறுதிமொழி தானாக முடிந்துவிடாது. இதைப் படித்தபோது, தாலி கட்டும்போது சொன்னதைவிடக் கெட்டியாக இதில் எழுதியிருக்கிறது என்று அப்பா சொன்னார்.

மும்பைக்கு அப்பாவும் நானும் ரயிலில் போனோம். தாராவியில் அப்பாவின் சித்தப்பா மகன் வீட்டில் தங்கினோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கின்றன. அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிற பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ் அங்கிருந்து பக்கம்தான். சித்தி விடிகாலையில் எழுந்து இட்லி அவித்து, "வெறும் வயித்தோட போனா வாய் குழறும்" என்று ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, பை கூடாது. அப்பா என் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நடைபாதையில் நின்றார். ஃபைல் மட்டும் என்னிடம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர். சொல்வது உண்மை என்று கையை உயர்த்தச் சொன்னார்கள். பிறகு ஆல்பத்தைக் கேட்டார். பக்கங்களைத் திருப்பிக்கொண்டே வந்தவர் மாங்கல்யதாரணப் படத்தில் நிறுத்தி விரலை வைத்தார்.

"உங்கள் பின்னால் நிற்கும் இந்தப் பெண் யார்? ஏன் தாலியை இவர் பிடித்திருக்கிறார்?"

"என் நாத்தனார். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார். மத்த ரெண்டு முடிச்சும் நாத்தனார் போடுவாங்க."

"அப்படியானால் உங்கள் திருமணத்தை அவரும் சேர்ந்துதான் நடத்திவைத்தார்."

"ஆமா. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் அவங்ககிட்டதான் கேப்பேன்."

அந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது அதிகாரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை முறை சந்தித்தீர்கள் என்று அடுத்த கேள்வி. இரண்டு தடவை என்றேன். "அது உங்களுக்குப் போதுமானதாக இருந்ததா?" "நாங்க பார்த்தது ரெண்டு தடவை. எங்க வீட்டுல ஆறு மாசம் விசாரிச்சாங்க." அவருடைய வேலை, அவருடைய அக்கா, வந்திருந்த கூட்டம் என்று இன்னும் சில கேள்விகள். விசா தருகிறோம் என்று சொல்லிவிட்டு ஆல்பத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். வெளியே வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா முதலில் என் போனைத்தான் எடுத்து நீட்டினார். "மாப்பிள்ளைக்கு நீயே சொல்லு" என்றார்.

நான் வந்திறங்கியது 2013-இன் கடைசியில். அந்த வருடம் ஜூனில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் விண்ட்சர் தீர்ப்பு வந்து, ஒருபால் தம்பதிகளுக்கும் இதே மனுவைப் போடும் வழி திறந்திருந்தது. எவ்வளவு காலம் எத்தனை பேர் இந்த வரிசைக்கே வர முடியாமல் இருந்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நெவார்க் விமான நிலையத்தில், தூதரகத்தில் ஒட்டிக்கொடுத்த கனத்த உறையைப் பிரிக்காமல் அதிகாரியிடம் கொடுத்தேன். சில வாரங்களில் எடிசன் நகரத்து வீட்டுக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. அவர் வேலையிலிருந்து வரும்போது தபால்பெட்டியிலிருந்து எடுத்துவந்து, பிரிக்காமல் என் கையில் கொடுத்தார். "உன் பேருக்கு வந்திருக்கு. நீதான் பிரிக்கணும்." கிரீன் கார்டு. காலாவதித் தேதி இரண்டே வருடத்தில்.

திருமணமாகி இரண்டு வருடம் ஆவதற்குள் வந்திறங்குகிற மனைவிக்கோ கணவனுக்கோ நிபந்தனையோடுதான் கார்டு தருகிறார்கள். போலித் திருமணங்களைத் தடுக்க 1986-இல் கொண்டுவந்த சட்டம் அது. இரண்டு வருடம் முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 என்ற மனுவைக் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அவளுடைய இருப்புரிமை போய்விடும். அரசாங்கத்தின் நோக்கம் எனக்குப் புரிகிறது. காசு வாங்கிக்கொண்டு தாலி கட்டுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் இரண்டு வருடத்துக்கு ஒரு கையெழுத்தை ஒரு மனிதனிடம் கொடுத்துவைக்கிறது. நல்லவனிடம் போனால் அது வெறும் கையெழுத்து. மற்றவனிடம் போனால் அது சாட்டை.

பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரா கோயிலில் ஒரு விசேஷ நாள். சமையலறையில் காய் நறுக்க உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு பெண், விழுப்புரம் பக்கம். இடுப்பில் சின்னப் பையன். எங்களுக்கு அப்போது ஐ-751 போடுகிற நேரம். பேச்சுவாக்கில், "உங்க கார்டுல எப்ப தேதி முடியுது?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. கார்டை அவள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். பாஸ்போர்ட், கார்டு, கல்யாணச் சான்றிதழ் எல்லாம் கணவர் அலுவலக லாக்கரில். சண்டை வந்தால் "கையெழுத்துப் போடமாட்டேன், திருப்பி அனுப்பிடுவேன்" என்பாராம். பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே, விலைவாசி பேசுகிற குரலில் இதைச் சொன்னாள். அந்தக் குரல்தான் என்னைப் பயமுறுத்தியது. எத்தனை நாள் கேட்டுப் பழகியிருந்தால் ஒரு பெண்ணுக்கு அந்தக் குரல் வரும்!

அமெரிக்கச் சட்டமோ வேறு மாதிரி சொல்கிறது. 18 வயது நிரம்பியவர் தன் கார்டைத் தானே எப்போதும் கூட வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மனைவியின் கார்டைக் கணவன் பூட்டிவைப்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை. கணவன் கையெழுத்துப் போட மறுத்தாலும் வழி உண்டு. திருமணம் உண்மையானதாக இருந்து விவாகரத்தில் முடிந்தால், அல்லது அடியும் கொடுமையும் நடந்திருந்தால், அவள் தனியாகவே ஐ-751 போடலாம். நிபந்தனைக் கார்டுகூடக் கைக்கு வராமல், மனுவையே போடாமல் இழுத்தடித்துக் கொடுமைப்படுத்தப்படும் பெண்களுக்கு 1994-இல் வந்த சட்டம், தன் மனுவைத் தானே போட்டுக்கொள்ள இடம் தருகிறது. இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. காய் நறுக்குகிறவளிடம் யார் வந்து சொல்வது?

நியூ ஜெர்சியில் 1985-இலிருந்து தெற்காசியப் பெண்களுக்காக இயங்குகிற 'மானவி' அமைப்பின் எண்ணை அவளிடம் கொடுத்தேன். தாளில் எழுதினால் வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்று, பையனின் தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் பெயர் போடாமல் எழுதிக்கொண்டாள். பிறகு நடந்தது நீண்ட கதை, அவளுடைய கதை. எனக்கு அதில் இருந்த பங்கை மட்டும் சொல்கிறேன். திருமணம் உண்மையானது என்று காட்ட அவள் பெயரில் காகிதமே இல்லை. வங்கிக் கணக்கு அவர் பெயர், வாடகை ஒப்பந்தம் அவர் பெயர், மின்கட்டணம் அவர் பெயர். அதனால் அவர்களைக் கணவன் மனைவியாகப் பார்த்தவர்கள் எழுதித்தர வேண்டியிருந்தது. என் சமையலறை மேசையில் உட்கார்ந்து நான் எழுதினேன்: எந்தப் பொங்கலன்று கோயிலில் அவர்களைக் குடும்பமாகப் பார்த்தேன், பையனின் முதல் பிறந்தநாளுக்கு அவர்கள் வீட்டில் என்ன சாப்பிட்டேன், அன்று அவள் கணவர் யாரிடம் எப்படிப் பேசினார். ஒரு வரியும் கூட்டவில்லை. என் கை எழுதிக்கொண்டிருக்க, மனசு விளாத்திகுளத்துப் பாட்டியின் பெருவிரலை நினைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஐ-751 பற்றிச் சொல்ல அதிகமில்லை. சேர்ந்த வங்கிக் கணக்கு, சேர்ந்து கொடுத்த வரிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டில் ஒருவருக்கு ஒருவர் வாரிசு, ஊர் போய் வந்த டிக்கெட்டுகள். 590 டாலர். இன்டர்வியூவுக்கு அழைக்காமலே பத்து வருட கார்டு வந்தது.

குடிமகனோடு சேர்ந்து வாழ்கிற மனைவிக்கு, ஐந்து வருடத்துக்குப் பதில் மூன்று வருடத்திலேயே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் உரிமை உண்டு. அந்த மூன்று வருடத்தில் பாதி நாளாவது நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். 2016-இல் என்-400 படிவம் போட்டேன். இந்தப் படிவத்தில் விண்ணப்பிக்கிறவள் நான். மனுதாரர் என்று வேறு யாருடைய பெயரும் இல்லை.

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் குடியுரிமைத் தேர்வுக்கு வகுப்பு நடந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எடுத்தார். அன்றைய தேர்வுக்கு 100 கேள்விகள் கொண்ட பட்டியல். அதிகாரி வாய்மொழியாகப் பத்து கேட்பார், ஆறு சரியாகச் சொன்னால் போதும். அதோடு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வாசிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். சுதந்திர தேவி சிலை எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி. நியூயார்க் துறைமுகம் என்பது பதில். நியூ ஜெர்சி என்றாலும் ஒப்புக்கொள்வார்கள் என்று அரசாங்கத்தின் விடைப் பட்டியலிலேயே போட்டிருக்கும். வகுப்பில் எல்லோரும் நியூ ஜெர்சி என்றே சொல்வோம் என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

கேள்விப் பட்டியலில் இல்லாததை அந்த ஆசிரியை தந்த புத்தகங்களில் படித்தேன். 1907-இலிருந்து, வெளிநாட்டுக்காரனைக் கட்டிக்கொண்ட அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள்; கணவன் நாடு எதுவோ அதுவே அவள் நாடு. 1922-இல் வந்த கேபிள் சட்டம் அதைத் தளர்த்தியது. ஆனால் குடியுரிமை பெறவே தகுதியில்லாத இனத்தானை மணந்தவளுக்கு அந்தத் தளர்வு கிடையாது. அடுத்த வருடமே, முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண்களின் குடியுரிமையும் அதனால் ஆட்டம் கண்டது. விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸின் மனைவி மேரி, அமெரிக்காவிலேயே பிறந்தவர், அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர். 1931-இல்தான் பெண்களுக்கான அந்த விதியை நீக்கினார்கள். இந்தியர்களுக்குக் கதவு திறந்தது 1946-இல்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பெண் எந்த நாட்டுக்காரி என்பதை அவள் கணவன் யார் என்று பார்த்து முடிவு செய்தது ஏதோ பழங்கதை என்று என்னால் மூட முடியவில்லை. லாக்கரில் கார்டு இருக்கிற அந்தப் பெண் அதே வாரம் எனக்குப் போன் பண்ணியிருந்தாள்.

இன்டர்வியூ நெவார்க்கில், பிராட் ஸ்ட்ரீட்டில் இருக்கிற ஃபெடரல் கட்டடத்தில். அவர் விடுப்புப் போட்டுக் கூட வந்தார். திருமண அடிப்படையில் விண்ணப்பித்ததால் சில சமயம் கணவரையும் உள்ளே கூப்பிடுவார்கள். என்னை மட்டும்தான் கூப்பிட்டார்கள். மும்பையில் தமிழில் பேசினேன். இங்கே எல்லாம் ஆங்கிலம். அதிகாரி என்-400-ஐப் பக்கம் பக்கமாகக் கேட்டார். எப்போதாவது கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தீர்களா? எப்போதும் குடிபோதையில் இருப்பவரா? சூதாட்டத்தில் சம்பாதித்தீர்களா? ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் மணந்திருந்தீர்களா? சட்டம் கேட்டால் இந்த நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா? வகுப்பில் எங்கள் ஆசிரியை திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: வரலாற்றுக் கேள்வியில் தோற்கிறவர்களைவிட, இந்தக் கேள்விகளின் சொற்கள் விளங்காமல் ஆமாம் இல்லை என்று மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்களைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறாராம். அதனால் படிவத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டுத் தமிழில் எழுதி வைத்திருந்தேன்.

சூசன் பி. ஆன்டனி என்ன செய்தார் என்று கேட்டார். பெண்களின் உரிமைக்காகப் போராடினார் என்றேன். ஆறு சரியானதும் நிறுத்திக்கொண்டார். பெயரை மாற்றிக்கொள்ள விருப்பமா என்று கேட்டார். குடியுரிமையோடு அதையும் செய்துகொள்ளலாம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்றேன். வெளியே வந்து அவரிடம் இதைச் சொன்னபோது, "மாமா பேரு நல்லாத்தானே இருக்கு" என்றார்.

2017-இல் உறுதிமொழி எடுத்தேன். எடுத்த கணத்திலேயே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அப்படி. பாஸ்போர்ட்டை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்தேன். ரத்து முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். இது எனக்கு லேசாக இல்லை. அன்று போனில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப கரிசக்காடு?" விசாரித்து வைத்திருந்தேன். வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கியவர்கள் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பெற்றோரிடமிருந்து வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். ஓட்டு மட்டும் கிடையாது. "காடு இருந்தாச் சரி" என்றார். சற்று நேரம் கழித்து, "ஓட்டு அங்க போட்டுக்கோ. போடாம இருந்துராத" என்றார். அந்த நவம்பரில் நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தலில் முதல் ஓட்டைப் போட்டேன்.

விழுப்புரத்துப் பெண்ணுக்கு, தனியாகப் போட்ட ஐ-751 நீண்ட காலம் இழுத்து, இன்டர்வியூவும் வைத்து, கடைசியில் நிபந்தனை நீங்கியது. கார்டு அவள் தங்கியிருந்த புது முகவரிக்கு வந்தது. விவாகரத்து ஆனதால் மூன்று வருட வழி அவளுக்கு இல்லை. ஐந்து வருட வழிதான். அதற்கும் நாள் வந்த பிறகு, இரண்டு இடத்தில் வேலை, பையன் படிப்பு என்று தள்ளிப்போட்டாள். இப்போதுதான் என்-400 போட்டிருக்கிறாள். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வு: பட்டியலில் 128 கேள்விகள், கேட்பது 20, சரியாகச் சொல்ல வேண்டியது 12. சனிக்கிழமைகளில் நூலகத்துக்கு வருகிறாள். அந்த ஆசிரியை இப்போது இல்லை. கேள்வி கேட்பது நான். பாதி கேள்விக்குப் பதில் அவள் பையன் பள்ளியிலேயே படித்திருக்கிறான். அம்மா திணறினால் உதட்டை அசைக்கிறான், அவள் அவனை அதட்டுகிறாள்.

போன வாரம் இன்டர்வியூவுக்கு எடுத்துப்போக வேண்டிய காகிதங்களைச் சரிபார்க்கக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். துணிப்பையிலிருந்து ஃபைலை எடுத்து மேசையில் வைத்தாள். விவாகரத்துத் தீர்ப்பு, வரிக் கணக்குகள், பையனின் பிறப்புச் சான்றிதழ், கார்டின் இரண்டு பக்கமும். "ஒரிஜினலை என்கிட்டகூடக் குடுக்கக் கூடாது" என்றேன்.

"இது ஜெராக்ஸ்தான்க்கா" என்றாள். "ஒரிஜினல் வீட்டுல இருக்கு. எங்கேன்னு உங்களுக்கும் சொல்ல மாட்டேன்."

பிறகு நாற்பத்து மூன்றாவது கேள்விக்குப் போனோம்.